அமுதவள்ளி செய்த கை

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் என்னிடம் பேரம் பேசியவர்கள் இரண்டே வகை. வாங்கிவிட்டு அழுதவர்கள், வாங்காமல் போய் அழுதவர்கள். மூன்றாவது வகையாக ஒருத்தி என் வீட்டிலேயே சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியவில்லை.

நான் சங்கரலிங்கம். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஐந்தாம் வகுப்போடு மனஸ்தாபம். வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன். கப்பலில் கழித்துப் போட்ட சாமான், பழைய கதவு, பித்தளை விளக்கு என்று வாங்கி விற்றேன். இன்றைக்குக் கீழே கடை, மேலே வீடு. கோபம் கொஞ்சம் வரும். கொஞ்சம் என்பது என் கணக்கு. பக்கத்தில் கயிற்றுக் கடை வைத்திருக்கும் முப்பிடாதியைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வான். அவன் எங்கள் தமிழர் நலச் சங்கத்தின் பொருளாளர். தலைவர் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். நான்தான்.

சங்கத்தில் இருபது வீடு. எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வோம். ஆணும் தூக்கலாம், பெண்ணும் தூக்கலாம். சங்கத்தை ஆரம்பித்தவர்கள் பின்விளைவு தெரியாமல் அப்படி எழுதி வைத்துவிட்டார்கள். ரொம்ப காலம் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. பெண்கள் எங்கள் கையைப் பார்த்துத்தான் அவர்கள் கையைத் தூக்குவார்கள்.

போன வருஷம் நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். தெருமுனையில் ஓர் அலங்கார வளைவு. மேலே பெரிதாகச் சங்கத்தின் பெயர். கீழே சின்னதாகத் தலைவர் பெயர். சின்னதென்றால், வைப்பின் தீவிலிருந்து படகில் வருகிறவன் கண்ணாடி போடாமல் படிக்கிற அளவு சின்னது. பெண்கள் என்ன செய்தார்கள்? முதலில் சங்கக் கட்டடத்துக்குப் பெண்கள் கக்கூஸ் வேண்டும் என்று அத்தனை பேரும் சேர்ந்து கையைத் தூக்கினார்கள். வளைவு விழுந்தது. கட்டுவதற்கு முன்னாலேயே விழுந்த வளைவு உலகத்திலேயே அது ஒன்றுதான். கக்கூஸ் தீர்மானத்தை நான் “பரிசீலனை” என்று சொல்லி மேஜைக்கு அடியில் வைத்தேன்.

இந்த வருஷம் விடுவேனா? கூட்டம் நடக்கும்போது பெண்களையெல்லாம் பின்கட்டுக்கு அனுப்பினேன். “எல்லாருக்கும் சாயா போடுங்க, பழம்பொரி சுடுங்க, உங்க கைமணம் வருமா!” என்றேன். வாழைப்பழத் துண்டு போட எண்ணெய் காய்வதற்குள் விதியைத் திருத்திவிட்டேன். இனி வீட்டுக்கு ஒரு கை. அது குடும்பத் தலைவரின் கை. அடுத்த நிமிஷம் வளைவும் பாஸ்.

என் மனைவி அமுதவள்ளி தட்டோடு வந்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன தீர்மானம் அத்தான்?”

“ஒண்ணுமில்ல. சின்ன திருத்தம்.”

“என்ன திருத்தம்?”

“இனிமே நீங்கள்லாம் கை வலிக்கத் தூக்கவேண்டாம். உங்க செரமத்தைக் குறைச்சிருக்கோம்.”

அவள் தட்டை வைத்தாள். என்னைப் பார்த்தாள். பழம்பொரியைப் பார்த்தாள். “சூடா இருக்கு, பாத்துச் சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான். பெண்டாட்டி சண்டை போடவில்லையே என்று சந்தோஷப்பட்ட முட்டாள்களில் நானும் ஒருவன்.

மறுநாள் காலையில் கேட்டாள், “கீழ மூலையில கெடக்க தகர அண்டா வெலை போகுமா?”

“எங்க போக? ஓட்டை.”

“நான் எடுத்துக்கவா?”

“எடுத்துக்கோ.” செடி வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். “அந்தக் கப்பல் குழாய்களையும் எடுத்துக்கோ” என்று கொசுறு வேறு கொடுத்தேன். நான் யாருக்கும் கொசுறு கொடுத்தவனில்லை.

அவள் அண்டாவைப் பிளந்து தட்டித் தட்டி விரித்தாள். தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். வரும்போது கையில் ஒரு கரண்டி, ஒரு இடுக்கி, ஒரு காம்பு உடைந்த ஆப்பை. வந்தால் உடனே போகமாட்டார்கள். உட்கார்ந்து குசுகுசுவென்று ஏதோ பேசுவார்கள். நான் எட்டிப் பார்த்தால் மீன் விலை பேசுவார்கள். பற்றவைக்கத் தெரியாததால் செம்புக் கம்பியால் முறுக்கி முறுக்கிக் கட்டினாள். ஒருநாள் ஷட்டரைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் கடை வாசலில், ரோட்டைப் பார்த்து, என்னைவிட உயரமாக ஒரு கை நிற்கிறது. அண்டா உள்ளங்கை. கப்பல் குழாய் விரல்கள். விரல் முழுக்கக் கரண்டிகள். மணிக்கட்டில் மோட்டார் பெல்ட் வளையல். நேராக வானத்தைப் பார்த்துத் தூக்கிய கை.

“ஏட்டி, என்ன இது?”

“கை.”

“கைன்னு தெரியுது. யாரு கை?”

“கூட்டத்துல காணாமப் போன கை அத்தான். கெடைக்கிற வரைக்கும் இங்க நிக்கும்.”

“எடுத்துரு! இப்பவே எடுத்துரு!”

“எடுக்கேன். கூட்டத்துல எங்க கை ஏறட்டும், அன்னைக்கே இதை எறக்கிருதேன்.”

நான் கத்தினேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கேட்கும்படி கத்தினேன். அவள் ஒரு கரண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தாள். ஒடித்துப் போட்டிருப்பேன். ஆனால் அதில் பத்தொன்பது வீட்டுக் கரண்டி இருக்கிறது. ஒன்றை வளைத்தால் ஒரு வீட்டுக்குப் பதில் சொல்லவேண்டும்.

அதைவிடக் கொடுமை, அவள் அதில் ஒரு போர்டும் மாட்டவில்லை. யார் வந்து கேட்டாலும் ஒரே பதில். “தலைவர் உள்ளதான் இருக்கார். அவர்ட்ட கேளுங்க.”

கேட்டார்கள். காலையில் ஒரு கட்சிக்காரர்கள் மாலையோடு வந்து, “சேட்டா, நம்ம சின்னம்!” என்று கட்டிப்பிடித்தார்கள். மத்தியானம் எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து கட்டிப்பிடிக்காமல் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, “இது எந்தா சேட்டா?” என்றார். “ஆசீர்வாதம் சார்” என்றேன். பின்னாலிருந்து அமுதவள்ளி, “முழு விவரத்தையும் சொல்லுங்களேன்” என்றாள். நான் சொல்லவேண்டியதாயிற்று. அவர் கேட்டுவிட்டு, “வீட்ல என் பாரியாகிட்ட இதைச் சொல்லவேண்டாம்” என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். ஆட்டோக்காரர்கள் வெள்ளைக்காரர்களைக் கூட்டிவந்து நிறுத்த ஆரம்பித்தார்கள். அரண்மனை பார்த்து, பழைய பள்ளிவாசல் பார்த்து, அப்புறம் நான்.

முப்பிடாதி கவலையோடு வந்தான். “அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை வளைவுக்கு அஸ்திவாரம். கவுன்சிலர் அம்மா வாறாங்க.”

“தெரியும்.”

“அவங்களும் பொம்பளை.”

“தெரியும்ல!”

“இந்தக் கை வழியிலதான் நிக்குது. யாரு வச்சதுன்னு கேப்பாங்க. எதுக்குன்னு கேப்பாங்க. மதினி, தலைவர்ட்ட கேளுங்கன்னு சொல்லுவாங்க.”

அப்போதுதான் வியாபாரி மூளை வேலை செய்தது. ஒரு சாமானை நகர்த்தவேண்டுமென்றால் உடைக்கக்கூடாது. விற்கவேண்டும்.

கோட்டைக் கொச்சியில் ஹோட்டல் வைத்திருக்கும் சந்தீப்பைக் கூட்டிவந்தேன். கலை என்றால் உயிர். பையன் கையைச் சுற்றிச் சுற்றி வந்தான். கண்ணில் தண்ணீர். நான் கேட்க நினைத்ததுக்கு மேலே அவனாகவே ஒரு விலை சொன்னான். என் ஆயுசில் அப்படி ஒரு கிராக்கி கண்டதில்லை. அந்தக் காசை வைத்து இரண்டு வளைவு கட்டலாம் என்று மனசு ஓடியது.

“சேச்சி சம்மதிச்சா இப்பவே வண்டி கொண்டுவரேன்” என்றான்.

“வேண்டாம் தம்பி” என்றாள் அமுதவள்ளி.

“கூட்டித் தரேன் சேச்சி.”

“விலை குறைச்சல்னு சொல்லல. இன்னும் வேலை முடியல. இவங்க முடிச்சு வைக்கணும்.” என்னைக் காட்டினாள். “சாயா குடிச்சிட்டுப் போங்க.”

அவன் சாயா குடித்துவிட்டுப் போனான். ஒரு நல்ல விலை நடந்து போவதைக் கண்ணால் பார்ப்பதைவிட ஒரு வியாபாரிக்கு வேறு துக்கம் கிடையாது.

காசுக்கு மசியாத ஆளிடம் என்ன செய்வது? கடைசி ஆயுதத்தை எடுத்தேன். துண்டு.

எங்கள் ரோட்டில் மிளகுத் தரகர்கள் அந்தக் காலத்தில் வாயைத் திறந்து விலை பேசமாட்டார்கள். இரண்டு பேர் கையையும் ஒரு துண்டு மூடும். உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து. சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. கையை உலுக்கிவிட்டால் பேரம் முடிந்தது. அப்புறம் மாற்றுப் பேச்சு கிடையாது. துண்டுக்கு அடியில் என்னை ஜெயித்தவன் கிடையாது. கல்யாணமான புதுசில் பெருமைக்காக அமுதவள்ளிக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

“வள்ளி, தலைவராப் பேசல. வியாபாரியாப் பேசுதேன். துண்டு போடுவோம். ஒரு விரல்னா கூட்டத்துல ஒரு பொம்பளை கை. எத்தனைக்கு முடியுதோ அத்தனை பேர் ஓட்டுப் போடலாம். பேரம் முடிஞ்சா இந்தக் கையை எறக்கணும்.”

“சனிக்கிழமை கூட்டம் போடுங்க, மறுநாள் காலையில எறக்கிருதேன். சம்மதமா?”

“சம்மதம்.”

தெருவே கூடிவிட்டது. கரண்டிகளின் சொந்தக்காரிகள் எல்லாம் ஒரு பக்கம். முப்பிடாதியும் ஆண்களும் என் பக்கம். நான் துண்டை உதறிப் போட்டேன். அவள் கை உள்ளே வந்தது.

வந்தவுடன் என் கையை மொத்தமாகப் பிடித்தாள். ஐந்து!

எனக்குச் சிரிப்பு வந்தது. கத்துக்குட்டி. எடுத்த எடுப்பில் உச்சிக்குப் போகிறாள். நான் அவள் சுண்டு விரலை மட்டும் பிடித்தேன். ஒன்று. சங்கத்தில் ஒரு பெண். அலங்காரத்துக்கு.

அவள் நான்கு விரலுக்கு இறங்கினாள். நான் ஒன்றிலேயே நின்றேன். அவளும் நான்கிலேயே நின்றாள்.

அப்போதுதான் அவள் விரல் என் விரலில் உறுத்தியது. கம்பி கிழித்த கீறல். ஒன்றல்ல, விரலெல்லாம் கீறல். செம்புக் கம்பி முறுக்கியது. கல்யாணத்தன்று நான் பிடித்தபோது இந்தக் கை வாழைத்தண்டு மாதிரி இருந்தது. எத்தனை வருஷமாயிற்று இதைப் பிடித்து என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. சாயா டம்ளர் வாங்கும்போது டம்ளரைத்தான் பிடித்திருக்கிறேன்.

எனக்கே தெரியாமல் இரண்டாவது விரலையும் பிடித்துவிட்டேன். இரண்டோடு நின்றிருப்பேன். அவள் கையை இழுக்கவில்லை. மூன்றாவதையும் பிடித்தேன்.

அவள் உடனே உலுக்கினாள்.

முடிந்தது. நான் துண்டை எடுத்து, “மூணு!” என்றேன். ஆண்கள் கைதட்டினார்கள். ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்கியிருக்கிறேன். அவள் முகம் வாடிப்போனது மாதிரி இருந்தது. பாவமாக இருந்தது. “விடு வள்ளி, வியாபாரத்துல எறக்கம் ஏத்தம் சகஜம்” என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவசரக் கூட்டம். இருபது ஆண்கள். அமுதவள்ளி, முப்பிடாதியின் சம்சாரம் சுபாஷிணி, தையல்கடை ஷபானா என்று மூன்று பெண்கள். இருபதுக்கு மூன்று. நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். தலைவரின் கருணையைப் பற்றி ஒரு சின்ன உரையாற்றினேன்.

அமுதவள்ளி எழுந்தாள். “ஒரு தீர்மானம். பழையபடி ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் ஓட்டு.”

“தாராளமா” என்றேன். “ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்.”

மூன்று பெண்களும் தூக்கினார்கள். நான் சிரித்தேன். அப்புறம் கயிற்று வாசனையோடு என் பக்கத்தில் இன்னொரு கை மேலே போனது.

“எலேய் முப்பிடாதி! நீயுமால?”

“அண்ணாச்சி, கூட்டம் முடிஞ்சு நீங்க தலைவராத்தான் வீட்டுக்குப் போவீங்க. நான் சும்மா புருஷனாத்தானே போகணும்.”

அவனுக்குப் பின்னால் இரும்புக்கடை. அப்புறம் பழக்கடை. மல்லிக்கடை. ஒவ்வொருவனும் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு தூக்கினான். ஒன்பது ஆண் கை. மூன்று பெண் கை. பன்னிரண்டு. எதிர்த்துப் பதினொன்று, என் கையையும் சேர்த்து. நான் மறுபடி எண்ணச் சொன்னேன். சுபாஷிணி எண்ணினாள். அதே பன்னிரண்டு.

ஓட்டு வந்துவிட்டதல்லவா, வாசலில் காத்திருந்த பெண்கள் அத்தனை பேரும் உள்ளே வந்தார்கள். அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரிவாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை கவுன்சிலர் அம்மா வந்தார்கள். அஸ்திவாரம் போட்டார்கள். கக்கூஸுக்கு. தலைவர் என்ற முறையில் முதல் செங்கல்லை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அமுதவள்ளி பேச்சு மாறவில்லை. கவுன்சிலர் வருவதற்கு முன்பே கையை இறக்கி, கம்பியைப் பிரித்து, அவரவர் கரண்டியை அவரவரிடம் கொடுத்துவிட்டாள். கடை வாசல் மொட்டையாக இருந்தது.

மத்தியானம் சோறு போட்டாள். மீன் குழம்பு. நான் கோபமாகத்தான் சாப்பிட்டேன். இரண்டாவது தடவை சோறு வாங்கிய பிறகு கேட்டேன்.

“எப்படிட்டி ஒன்பது பேரைத் திருப்பின?”

“நான் எங்க திருப்பினேன்? கரண்டி குடுக்க வந்தவங்க அவங்கவங்க வீட்ல பேசினாங்க. ஒன்பது வீட்ல பேச்சு எடுபட்டுது. பதினொரு வீட்ல எடுபடல, நம்ம வீட்டையும் சேர்த்து.”

நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். இரண்டு பெண் கை என்றால் பதினொன்றுக்குப் பதினொன்று. சமமானால் தலைவர் முடிவு. நான் கவிழ்த்திருப்பேன்.

“அப்போ உனக்குக் குறைஞ்சது சரியா மூணு?”

“ஆமா. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவா?”

“மூணுதான் வேணும்னா மூணுன்னே கேட்டிருக்கலாமேட்டி! எதுக்கு அஞ்சுல ஆரம்பிச்ச?”

அமுதவள்ளி குழம்பை ஊற்றிவிட்டுச் சொன்னாள்.

“மூணு கேட்டா நீங்க ஒண்ணுதானே அத்தான் குடுப்பீங்க.”