பதினோரு பக்க விளக்கம்

விளக்கம் கொடுப்பவர் என்றொரு இனம் உண்டு. குற்றம் சொன்னால் அழுகிறவர்கள் உண்டு, அடிக்க வருகிறவர்கள் உண்டு. இவர் உட்கார்ந்து விளக்குவார். ‘ஏன் லேட்?’ என்று கேட்டுப் பாருங்கள். காலையில் பால் திரிந்ததில் தொடங்கி, ஏ.எஸ்.ராவ் நகரில் நிற்காமல் போன பஸ்ஸைத் துரத்தி, செகந்திராபாத் வந்து சேர்வதற்குள், லேட்டானவர் நீங்கள்தான் என்று ஆகிவிடும்.

ஜெகநாதன் இந்த இனத்தில் முதல் தரம். தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றதும், பாம்பு பிடிக்கப் பயின்று, வனத்துறையிடம் அனுமதி அட்டை வாங்கினார். வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிக்கலாம். அன்றே காட்டில் விட்டுவிட வேண்டும், காட்சிக்கு வைக்கக் கூடாது, அட்டையை இரவல் தரக் கூடாது. மீறினால் அனுமதி ரத்து. இதையெல்லாம் அவர் மனப்பாடமாகச் சொல்வார். ஓய்வுக்குப் பிறகு அவரைத் தேடி யாராவது வந்தார்கள் என்றால், அது பாம்புக்காகத்தான். அதனால் கழுத்தில் தொங்கும் அந்த அட்டையை, ஊரில் இருக்கும்வரை, அவர் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார்.

ஒருநாள் வனத்துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஒரு சாரைப்பாம்பை மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தாராம், விளக்கம் தேவை.

“மழைல போக முடியல, மன்னிச்சுக்கங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க” என்றாள் மனைவி கனகம்.

இரண்டு வரியா? அவருக்கு உடம்பு கூசியது. பதினோரு பக்கம் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

வனத்துறை அதிகாரி மைதிலி, செகந்திராபாத் ரயில்வே காலனியில் வளர்ந்தவர், பொறுமையாகப் படித்தார். பாம்பு வீட்டில் இருந்ததாகச் சொல்வது தவறு, திங்களன்று அதைப் பள்ளிக்கூடத்தில் நூற்று நாற்பது பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன் என்றது மூன்றாம் பக்கம், போட்டோவுடன். செவ்வாயன்று நான் ஊரிலேயே இல்லை, பாம்பு மைத்துனர் பழனிசாமியின் பொறுப்பில் இருந்தது என்றது ஆறாம் பக்கம். பழனிசாமிக்கு அனுமதி ஏது என்று சந்தேகப்பட வேண்டாம், என் அட்டையைத்தான் கொடுத்துவிட்டுப் போனேன் என்று ஏழாம் பக்கம் தெளிவுபடுத்தியது. ஒன்பதாம் பக்கத்தில், போன வருஷம் ஒரு வாரம் குளியலறையில் தங்கியிருந்த நல்லபாம்பு ஒன்று வந்தது. அதைப் பற்றி யாரும் புகாரே கொடுக்கவில்லை.

மைதிலி தாள்களை அடுக்கி வைத்தார். “சார், என்கிட்ட இருந்தது ஒரே ஒரு காரணம். அதுக்கு வார்னிங் குடுத்து விட்டிருப்பேன். ரத்து பண்ண நாலு காரணம் நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க.”

ஜெகநாதன் அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார். கை தானாகப் பேனாவைத் தேடியது. இதற்கும் ஒரு சின்ன விளக்கம் இருப்பதாக ஆரம்பித்தார்.

“நக்கோ சார், வேண்டவே வேண்டாம்” என்றார் மைதிலி. “உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால், ‘நான் இந்த இனம் இல்லை, எப்படியென்றால்…’ என்று உங்கள் மனசு ஏற்கெனவே தொடங்கியிருக்குமே? தயவுசெய்து முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.