“மாடும் பாப்பீங்களா?”

அன்று கொள்ளிடக் கரையில் இருந்தவர்கள்: நான், என் அக்கா கணவர் செல்வம் மாமா, அவருடைய வேன், சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி, குமராட்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பாதி ஜனம், அவர்களுடைய ஆடு மாடுகள். இல்லாதவர் ஒரே ஒருவர்தான். டாக்டர்.

2009 என்று நினைக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் சுற்றுலாவில் பட்டம் வேறு. (“சுத்தறதுக்கு எதுக்குடா படிப்பு?” என்று அப்பா கேட்டார். பதிலை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.) ஒரு வருடம் வேலை இல்லாமல் வீட்டில் சாப்பிட்ட பிறகு, கடலூர் முதுநகரில் கல்யாண கோஷ்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த மாமாவின் வேன் மேல் என் கண் விழுந்தது. வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு எல்லாம் வைத்துக்கொண்டு ஆற்றோரம் போய்த் தங்குவது வெளிநாட்டில் பெரிய தொழில் என்று பாடத்தில் படித்திருந்தேன். அதை மாமாவுக்கு வகுப்பாகவே எடுத்தேன்.

மாமா மயங்கிவிட்டார். சீட்டுகளைக் கழற்றி, ஒரு கட்டிலைப் பொருத்தி, வேனுக்கு வெள்ளை பெயின்ட் அடித்தார். ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டது என் யோசனை. இயற்கைக்கு ஏற்ற நிறமாம்.

“ஒரே ஒரு தரம் பாப்போம் மச்சான். சரியா வரலன்னா கட்டிலக் கழட்டிட்டு சீட்டப் போட்டுருவேன். முகூர்த்த சீசன் வருது” என்றார்.

ஆக, அந்தக் கட்டில் நின்றால் நான் தொழிலதிபர். கழன்றால் பழையபடி தண்டச்சோறு.

புதுச்சேரி ஏஜென்ட் ஒருவர் முதல் விருந்தாளிகளை அனுப்பினார். ஓய்வுபெற்ற வருமான வரி அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும். அவர்கள் நல்லபடியாகச் சொன்னால் வாராவாரம் ஆள் அனுப்புவதாகப் பேச்சு. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: மனிதச் சத்தமே இருக்கக் கூடாது.

எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பது என் வியாதி. முன்னதாகவே அந்த ஊர்த் தலைவரைப் போய்ப் பார்த்தேன். “ஐயா, சனி ஞாயிறு ஆத்தங்கரையில ஒரு கேம்ப் போடலாம்னு இருக்கோம்.”

அவர் முகம் மலர்ந்தது. “தாராளமா போடு தம்பி. நம்ம ஊருக்கு யாரும் வந்ததே இல்ல. மாடும் பாப்பீங்களா?”

பட்டணத்து ஆட்கள் மாடு பார்க்காமலா போவார்கள்? “பாப்போம் சார். மாடு, ஆடு எல்லாம் பாக்கத்தானே வர்றதே!”

“காசு எதுனா?”

“பாக்கறதுக்கு யாராவது காசு வாங்குவாங்களா சார்?” என்று சிரித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கிராமத்து மக்களின் பண்பு என்று நெகிழ்ந்துபோனேன். அன்று சாயங்காலமே கோயில் மைக்கில் அறிவித்துவிட்டார் என்பது பிறகுதான் தெரியும்.

சனிக்கிழமை இரவு சொர்க்கம். ஆற்றிலிருந்து முதலை ஏறி வருமோ என்று ஒரு பயம் இருந்தது. வரவில்லை. வண்டிக்கு வெளியே தார்ப்பாயில் படுத்திருந்த என்னை விடியற்காலையில் ஒரு மாடுதான் முகர்ந்து எழுப்பியது. அதன் பின்னால் மாட்டுக்காரர், அவருக்குப் பின்னால் ஊர். வெள்ளை வேன், உள்ளே கட்டில், பச்சைத் திரை. அவர்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

“டாக்டரு எழுந்துட்டாரா?” என்றார் முன்னால் நின்றவர்.

இந்த இடத்தில் ஒரு படிக்காதவன் இருந்திருந்தால், “டாக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல, போங்க” என்று சொல்லியிருப்பான். நான் கூட்டத்தை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விளக்கலாம் என்று நினைத்தேன். அதற்காக, டைரியைக் கிழித்து நம்பர் போட்டு டோக்கன் கொடுத்தேன்.

“அடப்பாவி, இன்னாடா பண்ற?” என்றார் தூக்கம் கலைந்த மாமா.

“சத்தம் போடாம வரிசையா நிப்பாங்க மாமா.”

“ஆட்டுக்குத் தனி டோக்கனா தம்பி?” என்று ஒரு அம்மா கேட்டார். கொடுத்தேன்.

சத்தம் கேட்டு வேன் கதவு திறந்தது. கழுத்தில் கண்ணாடி தொங்க, வெள்ளை பனியனோடு அதிகாரி இறங்கினார். “வணக்கம் டாக்டரய்யா!” என்று கூட்டம் கும்பிட்டது. முதல் டோக்கன் பெரியவர் அவர் எதிரில் போய் நாக்கை நீட்டினார். இத்தனை வருட வருமான வரி சர்வீஸில் யாரும் அவரிடம் எதையும் தானாக நீட்டியிருக்க மாட்டார்கள்.

வேன் படியில் ஏறி நான் கத்தினேன். “இது வைத்தியம் பாக்குற கேம்ப் இல்லீங்க! இவுங்க சும்மா தங்க வந்திருக்காங்க!”

“சும்மாவா? அவுங்களுக்கு வூடு இல்லியா?”

“இருக்கு. காசு குடுத்து இங்க தங்குறாங்க.”

ஆட்டு டோக்கன் அம்மா அதிகாரியின் மனைவியிடம் போய், “இன்னாம்மா, புள்ளைங்க சோறு போடலியா? இந்த வண்டியில போயி படுத்துக் கெடக்கிறியே. வா, எங்க ஊட்டுக்கு வா” என்று கையைப் பிடித்தார். அதிகாரியின் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு போயேவிட்டார். அதிகாரியும் பின்னாலேயே போனார். அங்கே நண்டுக் குழம்பு.

மறுநாள் ஏஜென்ட் போன் செய்தார். “ரொம்ப சந்தோஷமா சொன்னாங்க. இனிமே ஆளுங்கள நேரா அந்த ஆட்டுக்கார அம்மா ஊட்டுக்கே அனுப்பிடுறேன்.”

மாமா ஸ்பேனரை எடுத்துக் கட்டிலைக் கழற்றினார். அந்த அம்மா வீட்டுக்கு விருந்தாளிகளைக் கொண்டுவிடும் சவாரி கொஞ்ச நாள் அவருக்குக் கிடைத்தது. எனக்கு அதில் கிளீனர் வேலை.

பிறகு எனக்குப் பெண் பார்க்கப் போனோம். “மாப்பிள்ளை பொண்ணப் பாக்கட்டும்” என்றார் பெண்ணின் அப்பா. “தாராளமா. கொல்லையில மாடு இருந்தா அதையும் புடிச்சிட்டு வாங்க, பாப்பான்” என்றார் மாமா. திரைக்குப் பின்னாலிருந்து வந்த சிரிப்புக்குத்தான் தாலி கட்டினேன். இப்போது அவளும் மாமா கட்சி.

செலவைச் சொல்லவில்லையே. டோக்கன் கொடுத்துவிட்டு டாக்டர் இல்லை என்றால் எப்படி என்று அன்றைக்கே தலைவர் வேன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். சிதம்பரத்திலிருந்து கால்நடை டாக்டர் ஒருவரைக் கெஞ்சி ஆட்டோவில் கூட்டிவந்தேன். அவருக்குக் கொடுத்தது, பூச்சி மருந்து, ஊசி, ஆட்டோ எல்லாம் சேர்த்து ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். அதில் நூற்றிருபது தலைவர் வீட்டுப் பசுவுக்கு. அது டோக்கனே வாங்கவில்லை.