மூன்று பேட்டரியும் ஒரு ஆல்டர்னேட்டரும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் நம் பெண்ணும் நலமாயிருக்க வேண்டுகிறேன். படகு நலமில்லை.

அடுத்த மாதம் நீங்கள் வரும்போது நாலு நாள் படகிலேயே தங்கலாம் என்று போனில் பெருமையடித்தேன் அல்லவா, அதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். படகை விற்கப்போகிறேன். நம் பெண்ணிடம் பக்குவமாக நீங்களே சொல்லிவிடுங்கள். இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து படகுத்துறைக்குப் போய் பேட்டரி மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். முள் அசையவில்லை. எதற்குப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

முதல் கூத்து உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏரி நடுவே இன்ஜினை நிறுத்தி, ஃபேன் ஓட, ஃப்ரிட்ஜ் ஓட, ராஜா மாதிரி சாப்பிட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மணல் அள்ளும் படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வழி நெடுக "என்ன பெரியவரே, பிக்னிக்கா?" என்று ஒரே விசாரிப்பு. நீங்கள் போனில் சொன்னீர்கள்: "மாமா, ஸ்டார்ட் பண்ண ஒரு பேட்டரி தனியா வைங்க. ஃபேன், ஃப்ரிட்ஜுக்கு வேற பேட்டரி. இது அதைத் தொடக்கூடாது." சரியென்று இன்னும் இரண்டு வாங்கிப் போட்டேன். ஆனால் மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டர் ஒன்றுதானே, அது மூன்றுக்கும் எப்படிப் பங்கு வைக்கும் என்று கடைக்காரரைக் கேட்டேன். அவர் வட்டமாக ஒரு சுவிட்சைக் கொடுத்து, இன்ஜின் ஓடும்போது 'எல்லாம்' பக்கம் திருப்புங்கள், நிறுத்தியதும் மறக்காமல் 'ஒன்று' பக்கம் திருப்புங்கள் என்றார். மறக்காமலாம்! முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஒரு வண்டியை ஒரு நிமிஷம் தாமதமாக விடாதவன், அந்தச் சுவிட்சை மறந்தேன். மூன்று பேட்டரியும் ஒற்றுமையாகச் செத்தன. மணல்காரர்கள் இந்தத் தடவை கேலி செய்யவில்லை, பரிதாபப்பட்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

அப்புறம் நீங்கள் வயரிங் படம் போட்டு அனுப்பிய ரிலே, அதாவது தானாக மாறும் சுவிட்ச், வந்தது. இன்ஜின் பேட்டரி நிறைந்த பிறகுதான் மற்றதற்குக் கதவைத் திறக்குமாம், நிறுத்தினால் தானே மூடிக்கொள்ளுமாம். பக்கத்துப் படகில் இருக்கும் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், எல்லோரும் 'ஷாக்' என்று கூப்பிடுவார்களே அவர்தான், உங்கள் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்து வயரிங் செய்தார். "படம் போட்டவரு கெட்டிக்காரரு" என்று ஒரு வார்த்தை சொன்னாரோ இல்லையோ, உங்கள் அத்தை பூரித்துப்போய், "அக்கரையில இருக்கிற தங்கச்சி வீட்டுக்கு இதுலயே போயிட்டு வரலாங்க" என்றாள். தண்ணீரைக் கண்டாலே கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறவள் அவளாகச் சொன்னாள், மாப்பிள்ளை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

போன சனிக்கிழமை கிளம்பினோம். ஏரி ஆற்றோடு சேரும் இடத்துப் பாலத்துக்கு முன்னால், அவள் தண்ணீரைப் பார்த்து ரசிக்கட்டும் என்று இன்ஜினை நிறுத்தினேன். பத்தே நிமிஷம். மறுபடி சாவியைத் திருப்பினால், டிக். நீரோட்டம் படகைப் பாலத்துத் தூண் பக்கம் தள்ளுகிறது. நங்கூரத்தைப் போட்டேன், அது சேற்றில் பிடிக்காமல் எங்களோடேயே வந்தது. எதிரே ஒரு சரக்குப் படகு, விடாமல் ஹாரன்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் சாவியையே திருப்பிக்கிட்டு இருக்கீங்க?"

மறுபடியும் திருப்பினேன், டிக். அவள் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த முக்காலியின் துணியை உருவினாள். அது முக்காலியே இல்லை, மாப்பிள்ளை. நம் காரின் பேட்டரி, மேலே சுருட்டி வைத்த இரண்டு வயரோடு! ஷாக்கின் மனைவியும் அவளும் சேர்ந்து தூக்கி வந்து துணி போட்டு மூடி வைத்து மூன்று வாரமாகிறதாம். நான்தான் காரை எடுப்பதே இல்லையே, எனக்கு எங்கே தெரியும்?

"சும்மா பாத்துக்கிட்டே நிக்காதீங்க. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. மாட்டுங்க!"

மாட்டினேன். இன்ஜின் உறுமியது. தூணுக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். சரக்குப் படகுக்காரர் எங்களை என்னவோ சொல்லித் திட்டினார், நல்லவேளை இரைச்சலில் கேட்கவில்லை.

நேராகத் துறைக்குத் திரும்பினோம். இறங்கியதும் அத்தை, "இதுல நான் கால் வைக்கிறது இதுதான் கடைசி" என்றாள். சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, படுத்தால் புரளுகிறேன். அவள் ஏறாத படகு எனக்கு எதற்கு? அதனால்தான் விற்கிறேன். ரிலேயைக் கழற்றி அனுப்பிவைக்கிறேன், உங்களுக்கு வேறு எதற்காவது பயன்படும்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும், கரையிலேயே கிடைக்கும் சகல பாக்கியங்களோடும் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது, படகை வாங்க நினைப்பவர் அனுப்பிய மெக்கானிக் வந்தார். இன்ஜின் பெட்டியைத் திறந்து ஆல்டர்னேட்டர் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினார். துணி காயப்போடும் கொடி மாதிரித் தொய்ந்தது. "யாரு சார் இதை லூஸாக்கினது? இப்படி இருந்தா ஆல்டர்னேட்டர் எங்க சுத்தும்? நீங்க முப்பது பேட்டரி வச்சாலும் ஏறாது" என்றார். உங்களிடம் மறைப்பானேன், நான்தான். போன மாதம் பெல்ட் கீச்சென்று கத்தியது, ஒரு போல்ட்டைத் தளர்த்தினேன், சத்தம் நின்றது. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். அவர் இறுக்கிவிட்டார். இப்போது உங்கள் ரிலே அருமையாகத் திறந்து மூடுகிறது, மூன்று பேட்டரியும் ஏறுகின்றன. படகை விற்கவில்லை. கட்டாயம் இருவரும் வாருங்கள். ஒரே ஒரு உதவி மட்டும் வேண்டும். அத்தை போனில் கேட்டால், படத்தில் ஒரு வயரைத் தப்பாகப் போட்டுவிட்டதாகச் சொல்லிவிடுங்கள். நான்தான் காரணம் என்று தெரிந்தால் ஜென்மத்துக்கும் ஏறமாட்டாள். மாப்பிள்ளை செய்த தப்பு என்றால், பாவம் பிள்ளை மனசு கஷ்டப்படுமே என்று அன்றைக்கே ஏறி உட்கார்ந்துவிடுவாள்.