நான் காலி பண்ணிய ஹால்

இனிமேல் இந்த வீட்டில் தேவையில்லாத ஒரு ஸ்பூன்கூட இருக்கக்கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பரண் மேலிருந்த இட்லித் தட்டு என் தலையில் விழுந்த அடுத்த நிமிஷம் இந்த முடிவை எடுத்தேன். எடுத்ததோடு விட்டிருந்தால் இன்றைக்கு நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன். உட்காரவாவது ஓர் இடம் இருந்திருக்கும்.

என் பெயர் பெருமாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே எனக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. 'அஞ்சு எஸ்' இன்சார்ஜ். ஜப்பான்காரர்கள் கொண்டுவந்த ஒழுங்கு அது. ஒரு மாசம் யாரும் தொடாத பொருள் மேல் சிவப்பு அட்டை ஒட்டுவேன். அட்டை விழுந்தால் அந்தப் பொருள் வெளியே போயாக வேண்டும். மிச்சமிருக்கும் ஒவ்வொன்றுக்கும் தரையில் மஞ்சள் டேப்பால் கட்டம் கட்டுவேன். ஸ்டூல் என்றால் அதன் கட்டத்துக்குள்தான் நிற்கணும். மொத்த கம்பெனியும் என் டேப்புக்குப் பயப்படும்.

வீட்டில் என் பேச்சுக்கு ஃபேன்கூடச் சுற்றாது. ஹாலில் பாதி, திமிரியிலிருந்து மாமனார் சீராகக் கொடுத்தனுப்பிய அண்டாக்கள். மீதியில் ஓடாத கிரைண்டர், மூடாத பீரோ, என் மகள் சௌமியா ஆறாம் வகுப்பில் செய்த எரிமலை. கதவுக்குப் பின்னால் ஒரு கவர். அந்தக் கவருக்குள் கவர், அதற்குள்ளும் கவர். கடைசிக் கவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆயுசு போதாது.

இத்தனைக்கும் நடுவில் எனக்கென்று இருந்தது ஒரே ஒரு நாற்காலி. கழித்துப் போட்ட தோலை வாங்கி, நானே மெத்தை தைத்து மாட்டியது. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து, அதில் காலை நீட்டி அரை மணி நேரம் யாரோடும் பேசாமல் இருப்பேன். ஆண்டவன் எனக்கு அளந்துவிட்ட சந்தோஷம் அவ்வளவுதான். அதற்கே கண் போட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் என் மனைவி பூர்ணிமா ஒன்று கேட்டாள். மாடி வீட்டு முனவ்வர் பேகமும் அவளும் சேர்ந்து 'அப்பர்' தைக்கப் போகிறார்களாம். ஷூவின் மேல்பாகத்தைத்தான் எங்கள் ஊரில் அப்பர் என்போம். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். நாலு பொம்பளைங்க ஒன்றாக உட்கார்ந்து ஊசிநூலால் தைத்துக் கொடுக்கணும். மூட்டையை ஏஜென்ட் கீழேதான் போடுவார், முட்டிவலியோடு முனவ்வர் அக்காவால் அதை மாடிக்குத் தூக்க முடியாது, நம்ம ஹாலில்தான் உட்காரணும் என்றாள். பகல் பூரா கம்பெனியில் ஷூவைப் பார்த்துவிட்டு வீட்டிலும் ஷூவா? நான் ஒரே கேள்விதான் கேட்டேன்.

"இடம் எங்க இருக்குது?"

ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு, அவள் பேசாமல் உள்ளே போனால் என்ன அர்த்தம் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

அப்புறம்தான் எங்கள் குடும்ப குரூப்பில் சௌமியா ஒரு வீடியோ போட்டாள். ஒரு வீடு. அதில் ஒரு பாய், ஒரு பூந்தொட்டி, ஓர் ஆள். அந்த ஆள் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். வேறு ஒன்றும் இல்லை. பஸ்ஸில் பார்த்தேன், பாத்ரூமில் பார்த்தேன், சாப்பிடும்போதும் பார்த்தேன். எனக்கு ஏக்கமாக இருந்தது. சிரிக்கலாம் என்றால் எங்கள் வீட்டில் சுவரே கண்ணுக்குத் தெரியாது.

இந்த நிலைமையில்தான் இட்லித் தட்டு விழுந்தது. தலையைத் தேய்த்துக்கொண்டே பூர்ணிமாவைக் கூப்பிட்டு என் திட்டத்தைச் சொன்னேன். பெரிய சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். அவள், "செய்ங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் மனசில் தயார் பண்ணிய பேச்சை வீணாக்க மனசு வரவில்லை. புழங்கும் பொருள் இருக்கும், புழங்காத பொருள் போகும், இதுதான் சட்டம் என்றேன். அடைசல் இல்லாத வீட்டை அஞ்சு நிமிஷத்தில் பெருக்கிவிடலாம் என்றேன்.

"யாரு பெருக்குறது?"

"ஹால் மட்டும் காலியாவட்டும், தினமும் நானே பெருக்குறேன். உனக்கு எதுக்கு வேலை ஜாஸ்தி?"

"நிஜமாவா?"

"பேச்சு மாற மாட்டேன்."

கடைக்கு ஓடி அட்டையும் டேப்பும் வாங்கிவந்தேன். அண்டாவுக்கு அட்டை ஒட்டினேன். சும்மா இருந்தாள். அவள் அப்பா கொடுத்த அண்டா! கிரைண்டருக்கு ஒட்டினேன். சும்மா இருந்தாள். பீரோவுக்கு ஒட்டும்போது மட்டும் பக்கத்தில் வந்து, அட்டை கழன்றுவிடும், இன்னொரு டேப் போடுங்கள் என்றாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்கணும். மண்டையில் இட்லித் தட்டு பட்ட இடம் அப்படி.

எல்லாவற்றையும் பழைய சாமான் கடைக்குப் போடலாம் என்றேன். பாவம், முனவ்வர் அக்கா வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, அவர்களுக்குக் கொடுக்கலாமே என்றாள் பூர்ணிமா. என் பெண்டாட்டிக்கு இவ்வளவு பெரிய மனசா என்று கண் கலங்கினேன். கலங்கிய கண்ணோடு அண்டாவைத் தலையில் தூக்கி மாடி ஏறினேன். பீரோவைத் தூக்கும்போது முதுகில் 'டக்' என்று ஒரு சத்தம். அது பீரோவின் சத்தம் இல்லை. முனவ்வர் அக்கா மேலே நின்று, ஓரமா வை தம்பி, மெதுவா வை தம்பி என்று இடம் காட்டினார். அந்த அறையில் தரை பூரா பேப்பர் விரித்துத் தயாராக இருந்தது. சாமான் வருகிற விஷயம் அவருக்கு எப்படி முன்கூட்டியே தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மத்தியானம் அவர் கீழே அனுப்பிய பிரியாணிதான் எனக்குத் தோன்றியது. ரெண்டு தட்டு சாப்பிட்டேன். தங்கமான மனுஷி என்று நாலு தடவை சொன்னேன்.

சாயங்காலம் ஹால் காலி. தரை என்ன கலர் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நடுவில் என் நாற்காலி. அதைச் சுற்றி மஞ்சள் கட்டம். உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்துச் சிரித்தேன். முதுகு பிய்ந்து போனாலும் மனசு பஞ்சாக இருந்தது.

அந்தச் சுகம் அந்த ஒரு சாயங்காலத்தோடு சரி.

திங்கள்கிழமை வேலை முடிந்து வந்தால், வாசலில் செருப்புக் குவியல். உள்ளே பொம்பளைங்க வட்டமாக உட்கார்ந்து அப்பர் தைக்கிறார்கள். சுவரோரம் மூட்டை மூட்டையாக அப்பர். ஒவ்வொரு மூட்டையைச் சுற்றியும் மஞ்சள் கட்டம், ஒவ்வொரு ஆளைச் சுற்றியும் மஞ்சள் கட்டம். என் டேப். கோணல்மாணல் இல்லாமல் ஒட்டியிருந்தது, கம்பெனியில்கூட அவ்வளவு நேராக யாரும் ஒட்டியதில்லை. நடுவில் என் நாற்காலியில் முனவ்வர் அக்கா, கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

பூர்ணிமாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன்.

"இன்னா இதெல்லாம்?"

"இடம் இல்லைன்னுதானே அன்னிக்கு சொன்னீங்க? இப்ப இருக்குதே."

"அது சும்மா இருக்கட்டும்னு காலி பண்ண இடம்."

"சும்மா இருந்தா சிவப்பு அட்டை ஒட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சரி, என் நாற்காலி?" என்றேன்.

"நீங்க அரை மணி நேரம் உக்கார்றீங்க. அக்கா பகல் பூரா உக்கார்றாங்க. புழங்குற பொருள் இருக்கட்டும்னு சட்டம் போட்டது யாரு?"

நானே பேசிக்கொள்கிறேன் என்று ஹாலுக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் முனவ்வர் அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். உக்காரு தம்பி, களைச்சுப் போய் வந்திருக்கே என்றார். நேற்று சாப்பிட்ட பிரியாணி இன்னும் என் வயிற்றில் இருந்தது. "வேணாங்கா, நீங்க உக்காருங்க" என்றது என் வாய். என் வாயும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டது.

உள்ளறையில் சௌமியா படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீடியோ உனக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அம்மாதான்பா தேடி எடுத்தாங்க. நீங்க பார்க்கிற மாதிரி குரூப்ல போடச் சொன்னாங்க" என்றாள்.

இட்லித் தட்டைப் பரண் நுனியில் வைத்தது யார் என்று அடுத்துக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பதில் தெரிந்தபிறகு இதே வீட்டில் குடித்தனம் பண்ணணுமே.

எட்டு மணிக்கு எல்லாரும் கிளம்பினார்கள். தரை பூரா நூல் துண்டு, தோல் பிசிறு. பூர்ணிமா துடைப்பத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அஞ்சு நிமிஷம்தானே, முடிச்சிட்டு வாங்க, சாப்பாடு போடறேன் என்றாள். டைல்ஸ் இடுக்கில் போன நூலை அஞ்சு நிமிஷத்தில் எடுப்பவன் எந்த நாட்டிலும் பிறக்கவில்லை. வீடியோவில் சிரித்தானே, அந்த ஆளைக் கொண்டுவந்து எங்கள் ஹாலில் விடணும்.

பெருக்கி முடித்து, ஆறிப்போன சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். சண்டைக்கு இல்லை, அழாத குறையாக. தினமும் ஆறு மணிக்கு வருகிறவன் எட்டு மணி வரைக்கும் எங்கேதான் உட்காருவது?

அவள் கோபப்படவில்லை. உங்களை மறப்பேனா, காலையிலேயே ஒட்டிட்டேன், போய்ப் பாருங்க என்றாள்.

போய்ப் பார்த்தேன். வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், துடைப்பத்துக்கும் எனக்கும் சேர்த்து ஒரே கட்டம்.