மாமன் எழுந்திருக்காத காதுகுத்து

பாடாங் செராய்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை புவனேசன் அவர்களுக்கு, மைத்துனன் பரஞ்சோதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் முழங்கால் நீங்கலாக எல்லோரும் நலம். அங்கே தங்கச்சி சாந்தினியின் கோபம் நீங்கலாக எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். நான் கூப்பிட்டால் அவள் போனை எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் குருண் கோயில் மண்டபத்தில், உங்கள் மகள் காதுகுத்தில் நடந்ததற்கு மிகவும் வருந்துகிறேன். தாய்மாமன் கோபித்துக்கொண்டு பாயை விட்டு எழுந்திருக்கவில்லை என்று ஊரே பேசுகிறதாம். சாமி சத்தியமாக அது கோபம் இல்லை மாப்பிள்ளை, முழங்கால். விடிந்ததிலிருந்து ரொட்டி சானாய் வீசிச் சுடுகிற கல்லுக்கு முன்னால் நிற்கிறவன் நான். எங்கள் கடையில் முழுசாக ஒரு உடம்பு கிடையாது. கையை உயரத் தூக்கி தே தாரிக் டீ இழுத்து ஆற்றுகிற சுப்பிரமணியம் அண்ணனுக்குத் தோள் போய், தலை வாரப் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறார். கிளினிக்கில் கேட்டால், "நின்னுக்கிட்டு வேலை செய்யாதீங்க" என்கிறார்கள். உட்கார்ந்துகொண்டு எவன் ரொட்டி வீசுவான்? அப்படிப்பட்டவன் அன்றைக்குச் சம்மணம் போட்டு, பிள்ளையை மடியில் வைத்து, காது குத்தி முடிந்து எழுந்திருக்கப் பார்த்தால் கால் இரண்டும் பூட்டிக்கொண்டன.

வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் வரிசையில் என் முதலாளி உட்கார்ந்திருந்தார். கால் போய்விட்டது என்று தெரிந்தால் மறுநாளே கல்லுக்கு வேறு ஆள். அதனால் சிரித்த முகமாக, "நான் இப்படியே இருக்கேன், நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றேன். தாய்மாமன் அப்படிச் சொன்னால் நம் சனம் விடுமா? "மாமனுக்கு மரியாத பத்தல போலருக்கு" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நீங்கள் வேட்டி துண்டோடு ஓடிவந்தீர்கள். "ஒன்னும் வேணாம் மாப்பிள்ள" என்றேன். ஒன்றும் வேண்டாம் என்கிற மாமனுக்கு என்னென்னவோ வேண்டும் என்றுதானே அர்த்தம்? உங்கள் அப்பா தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டார். சாந்தினி அழுதுகொண்டே, "சபையில என் மானத்த வாங்காதீங்கண்ணே, எந்திரிங்க லா" என்றாள். கடைசியில் பாயிலேயே இலை போட்டுப் பரிமாறினீர்கள். சாப்பிட்ட பிறகுதான் எழுந்தேன். அவள் என் முகத்தையே பார்க்கவில்லை.

எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி. அவளை நாலு பேர் முன்னால் அழவைத்துவிட்டேனே என்று ரொட்டி வீசும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது. கடிகாரத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அண்ணன் மனசில் ஒன்றும் இல்லை, கால்தான் வரவில்லை என்று அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மருமகள் காதில் தோடும் வாயில் சிரிப்புமாக நூறாண்டு வாழட்டும். உங்கள் அப்பாவுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
பரஞ்சோதி

பி.கு.: இது உங்களுக்கு மட்டும், சாந்தினிக்குப் படித்துக் காட்ட வேண்டாம். உங்கள் அப்பா கடிகாரம் கட்டும்போதே கால் சரியாகிவிட்டது. எழுந்திருக்கத்தான் பார்த்தேன். அதற்குள் ஒருவர் இலை போட்டார், ஒருவர் குனிந்து சோறு வைத்தார், தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசம் ஊற்றினாள். ஊருக்கெல்லாம் நின்றுகொண்டே ஆக்கிப் போட்டவன் மாப்பிள்ளை நான். நான் உட்கார்ந்திருக்க, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா" என்று என்னை ஒருவர் கேட்டது அன்றைக்குத்தான். பாயாசம் வரும்வரை எழுந்திருக்க மனசு வரவில்லை.