மன்றாட்டு அண்ணனும் ஊருணித் தண்ணீரும்

உலகத்தில் கடவுளையே மூச்சு வாங்க வைத்த ஒரே மனிதர் எங்கள் மன்றாட்டு அண்ணன்தான். குன்றாண்டார்கோவில் பக்கத்து எங்கள் ஊர் மாதா கோயிலில், ஞாயிறு பூசையின் நடுவே மைக்கில் மன்றாட்டு வாசிப்பது அவர் பொறுப்பு. மற்ற ஊர்களில் நான்கைந்தோடு முடித்துவிடுவார்கள். அண்ணனோ போப்பாண்டவரில் தொடங்கி, கடலாமை, கம்பத்தில் ஏறிய லைன்மேன், டவுன் பஸ்ஸில் தொங்கும் பிள்ளைகள் என்று போய்க்கொண்டே இருப்பார். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" சொல்லியாக வேண்டும். வீட்டில் குழம்பு வற்றிவிடும். கேட்டால், ஆண்டவர் உலகத்தையே நம் கையில் கொடுத்திருக்கிறார், இதில் எதை விடுவது என்று நம்மைத் திருப்பிக் கேட்பார்.

போர்வெல் வற்றிய ஒரு கோடையில் ஊருக்கே ஊருணித் தண்ணீர்தான். அதில் பிராய்லர் கடைக்காரர் கோழிக்கழிவைக் கொட்டிக்கொண்டிருந்தார். குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் சொறி. யாரும் வாயைத் திறக்கவில்லை. திருவிழாப் பிரியாணிக்குக் கோழி அவர் உபயமாயிற்றே!

அண்ணன் திறந்தார், மைக்கில்.

"ஊருணியில கோழிக்கழிவக் கொட்டுற, மூணாவது பெஞ்சுல நீலச் சட்டை போட்டிருக்கிற சகோதரருக்காக மன்றாடுவோம்."

கோயிலே திரும்பிப் பார்த்தது. நீலச் சட்டை எழுந்து வெளியே போனது. பிரியாணியும் கூடவே போய்விட்டதாக ஊர் கொதித்தது. இனி பேரோ சட்டையோ சொன்னால் மைக் கிடையாது என்று பாதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு கோயிலில் நிற்க இடமில்லை. வருஷக்கணக்கில் பூசை பார்க்காதவர்களெல்லாம் ஆஜர். கடைக்காரரும் வெள்ளைச் சட்டையில் கடைசி பெஞ்சில் இருந்தார். அண்ணன் மைக்கைத் தட்டினார்.

"ஆண்டவரே, பேரு சொல்லக்கூடாதுன்னு பாதர் சொல்லிட்டாரு. ஆளு யாருன்னு ஒமக்கே தெரியும். அவரும் ஒம்ம புள்ளதான். பாவம், கழிவ எங்கிட்டுக் கொண்டுபோயிக் கொட்டுவாரு? எங்க வீட்டுக் கொல்லையில குழி வெட்டி வச்சிருக்கேன். நாளையிலருந்து அங்கிட்டு வரச் சொல்லும்."

அண்ணன் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டார். தென்னங்கன்றுக்கு என்று சொல்லித்தான் அந்தக் குழியை வெட்டினாராம்!

மறுநாள் காலை, கடைக்காரர் வண்டியில் டிரம்மோடு வந்து தலைகுனிந்து நின்றார். அண்ணன் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வாசலுக்கு ஓடி வரவேற்றார். கொட்டி மண்ணைப் போட்டு மூடியதும், இருவரும் அதே மண்வெட்டிகளோடு ஊருணியைச் சுத்தம் செய்யப் போனார்கள். பின்னாலேயே ஊரும் போனது.

இன்றும் ஊருக்குப் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். போகாமல் திரும்பியதில்லை.