வாளி அண்ணன் பாத்துக்குவாரு

கடல் தாண்டிப் போன தஞ்சாவூர்க்காரர்களில் முக்கால்வாசிப் பேரை ஒழுங்காகக் குளிக்க வைத்த பெருமை ஒரே ஒரு மனிதரைச் சேரும். ஊரில் அவருக்குப் பெயர் வாளி. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். கூப்பிட ஆளில்லாமல் அவரே மறந்திருப்பார். என் உத்தியோக காலம் முழுக்க, ரிட்டயரான பிறகும்கூட, நான் லீவு போடாமல் செய்த ஒரே வேலை அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுதான்.

முதலில் அவர் டிராவல் ஏஜெண்ட் இல்லை. லாட்ஜ் மேனேஜர். குத்தகை வழக்குகளை விசாரிக்கும் ஆபீஸில் நான் குமாஸ்தா. எதிர்ச்சாரியில் அவருடைய லாட்ஜ். நிலம் உழுதவனுக்கா, பட்டா வைத்திருப்பவனுக்கா என்று ஊருக்கு ஊர் மல்லுக்கட்டிய காலம். மிராசுதார் ஒரு பஸ்ஸில் வருவார், குத்தகைதாரர் அடுத்த பஸ்ஸில் வருவார். இருவருக்கும் தங்க இடம் வாளியின் லாட்ஜ்தான். மிராசுதாருக்கு வாசல் மாடிப்படி, குத்தகைதாரருக்குக் கொல்லை மாடிப்படி. ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது. கோட்டையில் ஆட்சி மாறும், ஊரில் வேட்டிக் கரையின் நிறம் மாறும், லாட்ஜ் சுவரில் தலைவர் படம் மாறும். ஆளுக்கொரு வாளி வெந்நீர் என்பது மட்டும் மாறாது.

ஒரு நாள் காலையில் கணக்கு பிசகிவிட்டது. வெந்நீர் அடுப்புக்கு முன்னால் ஒரே வழக்கின் மிராசுதாரும் குத்தகைதாரரும் நேருக்கு நேர் நின்றுவிட்டார்கள். இருவர் இடுப்பிலும் துண்டு. ஒரு கை துண்டைப் பிடித்திருக்கிறது, மறு கை வாளியைப் பிடித்திருக்கிறது. அடிப்பதென்றால் எதையாவது விட்டாக வேண்டும்.

"என்ன பாக்குறீங்க? எதை விடப்போறீங்கன்னு சொல்லுங்க, நான் திரும்பி நின்னுக்கறேன்" என்றார் வாளி.

அடுப்பு ஊதிய பெண்பிள்ளைதான் முதலில் சிரித்தாளாம். அப்புறம் மிராசுதார் சிரித்திருக்கிறார். வழக்கு என்னவோ தீரவில்லை. ஆனால் அடுத்த வாய்தாவிலிருந்து இருவரும் ஒரே படியில் ஏறினார்கள்.

என் எரிச்சலுக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி. வாய்தா தேதியை எழுதுகிறவன் நான். கட்சிக்காரர்களோ என் மேசையைத் தாண்டிப் போய், "வாளி அண்ணே, எப்ப வரணும்?" என்று அவரிடம் கேட்பார்கள். நான் பேனாவை மூடிவிட்டு அதை வேடிக்கை பார்ப்பேன்.

பிறகு லாட்ஜை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டினார்கள். வாளி அதன் பக்கத்திலேயே ஓர் ஒண்டுக் கடையில் டிராவல்ஸ் போர்டு மாட்டினார். ஒழிந்தார் என்று நினைத்தேன். இரண்டு கட்சிக்காரர்களின் பிள்ளைகளும் அதற்குள் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று போயிருந்தார்கள். அத்தனை பேரும் வாளிக்கு மருமகன்கள். எந்த ஊரில் ஓட்டல் ரூம் போட வேண்டுமானாலும், பெண் பார்க்க அனுப்புவது போல அந்த ஊர்ப் பையனை நேரில் அனுப்பிவிடுவார். அவர் போனில் கத்துவது பழைய பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

"தம்பி, ரூமுக்குள்ளதான நிக்கிற? கட்டில்ல தலமாடு எந்தப் பக்கம்? வடக்கா? திருப்பிப் போடச் சொல்லு."

மறுமுனையில் ஏதோ முனகல்.

"சொவத்தோட அடிச்சிருக்கானா? அப்ப தலகாணிய எடுத்து கால்மாட்டுல போடு. சரி, பாத்ரூமுக்குப் போ. வாளி இருக்கா?"

மறுபடி முனகல்.

"ஷவர் இருக்கா? நான் மழை பேயுதான்னா கேட்டேன்? வாளி இருக்கான்னு கேட்டேன்."

இல்லையென்றால் பையன் கடைக்குப் போய்ச் சிவப்பு வாளியும் மக்கும் வாங்கி வைக்க வேண்டும். பையன்கள் இல்லாத நாடு என்றால் வாளி பயணியோடு விமானம் ஏறிவிடும். ஒரு ரைஸ் மில் முதலாளியை ஜூரிச்சில் நிறுத்தி, இது என்ன என்று கேட்டார்களாம். மனிதருக்கு இங்கிலீஷ் வராது. விமான நிலையத்தின் நடுவில் குத்த வைத்து உட்கார்ந்து, தலையில் தண்ணீர் ஊற்றி, முதுகு தேய்த்து, காது குடைந்து நடித்துக் காட்டியிருக்கிறார். சோப்புப் போடும் கட்டம் வருவதற்குள் அதிகாரிகள் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

இதெல்லாம் சொன்னது வாளி இல்லை, என் மனைவி. அவளும் அவள் அக்கா தங்கைகளும் ஒருமுறை வாளியின் ஏற்பாட்டில் நேபாளம் போய் வந்தார்கள். காத்மாண்டு குளிரில், குளியலறையில் ஆவி பறக்க ஒரு வாளி காத்திருந்ததாம். பசுபதிநாதரைப் பற்றி அவள் சொன்னது நாலு வார்த்தை. வாளியைப் பற்றிச் சொன்னது இன்னும் முடியவில்லை. அன்று முதல் அவர் "வாளி அண்ணன்". மின்சாரம் போனால்கூட, "வாளி அண்ணனா இருந்தா ஏதாவது செஞ்சிருப்பாரு" என்பாள். வெளியூர்ப் பயணம் என்று யார் வாயெடுத்தாலும், "அவரு பாத்துக்குவாரு" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பற்றி அவள் அப்படிச் சொன்னதில்லை. நான் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால் பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்குக் கூப்பிடுவாள்.

அந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று ரிட்டயரானதும் கங்கணம் கட்டிக்கொண்டேன். மகள் கொடுத்த பழைய லேப்டாப்பில் ஓட்டல் போடக் கற்றுக்கொண்டேன். நாங்கள் இருவரும் பினாங்கு போவதாக ஏற்பாடு. பஞ்சாங்கத்தைப் பிரித்து, கௌரி நல்ல நேரம், சூலம் எல்லாம் பார்த்து ஒரு புதன்கிழமையைப் பிடித்து, அந்தத் தேதியை லேப்டாப்பில் தட்டினேன். ரூம் கிடைத்துவிட்டது!

"எதுக்கும் வாளி அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்களேன்" என்றாள்.

கேட்கவா? சொல்லிக் காட்டவே போனேன்.

"வாங்க குமாஸ்தா சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"கோடியக்கரைக்கு எங்கெங்கேருந்தோ பறவை வருதே, அதெல்லாம் ஏஜெண்ட் வெச்சா வருது? நானும் இப்ப அப்படித்தான்" என்றேன். வீட்டிலேயே தயார் பண்ணிக்கொண்டு போன வசனம்.

"தனியாவா சார் வருது? கூட்டமால்ல வருது. முன்னாடி போறது பாத்துக்கிட்டுத்தான போவுது" என்றார். பிறகு, "எந்த ஓட்டலுங்க?"

பெருமை தாங்காமல் ஓட்டல் பெயர், தெருப் பெயர், தேதி, எத்தனையாவது மாடி வரை ஒப்பித்தேன். "நல்லதுங்க" என்றார். அவ்வளவுதான். முகம் தொங்கியிருக்கும் என்று பார்த்தேன். தொங்கவில்லை.

புதன்கிழமை நல்ல நேரத்தில் வலது காலை எடுத்து வைத்துக் கிளம்பினோம். திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் மாறி, பினாங்கு ஓட்டலுக்குள் நுழைந்தபோது வியாழன் மத்தியானம். வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஐயா, நீங்கள் நேற்றே வந்திருக்க வேண்டும்" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. வீட்டை விட்டுக் கிளம்பும் தேதியை நான் ஓட்டலுக்குள் நுழையும் தேதியாகத் தட்டியிருக்கிறேன். பினாங்கு ஓட்டல்காரனுக்கு கௌரி நல்ல நேரம் தெரியுமா? மனைவி என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது இன்னும் மோசம்.

"வராதவர்கள் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம்" என்று அந்தப் பெண் தொடர்ந்தாள். "ஆனால் நேற்றுக் காலை ஒரு தம்பி சிவப்பு வாளியோடு வந்தார். 'அவர்கள் தஞ்சாவூர்க்காரர்கள், நாள் பார்த்து இன்றைக்குத்தான் வீட்டை விட்டே கிளம்புவார்கள், நாளைக்குத்தான் வந்து சேர்வார்கள்' என்று சொல்லி, அறையை விடக்கூடாது என்று இங்கேயே உட்கார்ந்துவிட்டார்."

அறையைத் திறந்தோம். கட்டிலில் தலையணை கால்மாட்டில் கிடந்தது. குளியலறையில் வாளி. அதன் விளிம்பில் மக் தொங்கிக்கொண்டிருந்தது, என்னைப் பார்த்துச் சிரிப்பது போல.

சாயங்காலம் அந்தத் தம்பியே கார் கொண்டுவந்தான். அன்றைக்கு வெந்நீர் அடுப்பு முன்னால் நின்றாரே, அந்தக் குத்தகைதாரரின் மகன். "எங்கப்பாவுக்கு வாய்தா மேல வாய்தா எழுதின சார் நீங்கதானா? அப்பா அடிக்கடி சொல்லும்" என்று சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டான். ஊர் முழுக்க அவன்தான் சுற்றிக் காட்டினான். என் மனைவி அவனிடம் பேசிய பேச்சில் பாதி வாளி அண்ணன்.

ஊர் திரும்பியதும் அவளே என்னை அந்தக் கடைக்கு இழுத்துப் போனாள். தேதி விஷயத்தை எடுத்துக் கடை நடுவில் போடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ரூமு பிரமாதம்னு பையன் சொன்னாம்மா" என்றார் வாளி. "நல்ல காத்து, நல்ல வெளிச்சம், கடலு தெரியுதாம். நான் போட்டிருந்தாக்கூட இப்படி அமைஞ்சிருக்காது. இனிமே என்னைத் தேடாதீங்க. சாரு பாத்துக்குவாரு."

எத்தனையோ வருஷம் காத்திருந்த வார்த்தை. சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. அதையும் அந்த மனிதரேதான் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது அந்தக் கடையில் செல்போன் உறை விற்கிறார்கள். வாளி போய்ச் சேர்ந்த அன்று, ஒரே வழக்கின் இரண்டு தரப்பும் ஆளுக்கொரு பக்கம் பாடையைத் தூக்கியதைப் பார்த்தேன். அந்தக் கூட்டம் எனக்கு வராது என்று அப்போதும் ஒரு கணக்குப் போட்டேன், சாகட்டும் இந்தப் புத்தி.

போன வருஷம் கொழும்பு போனோம். ஓட்டல் நான் போட்டதுதான், தேதியும் சரி. அறைக்குள் நுழைந்ததும் நேராகக் குளியலறைக்குப் போனேன். ஷவர் இருந்தது, ஆளுயரக் கண்ணாடி இருந்தது, மடித்த துண்டுகள் இருந்தன. கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தேன்.

"என்ன தேடறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

அவள் பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு நடுவிலிருந்து அந்தப் பினாங்கு மக்கை எடுத்து நீட்டினாள். சிவப்பு கொஞ்சம் வெளுத்திருந்தது. வாங்கிக்கொண்டு உள்ளே போய், குழாயைத் திறந்து, கீழே தரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் குளித்தேன்.